தேடுபொறி பட்டியலை விட்டுப் பதிலுக்கு வந்துவிட்டது: நாம் தேடும் விதம் என்ன ஆகிறது?

முல்லைக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

தேடுபொறி என்றாலே நமக்குப் பழகிய காட்சி ஒன்றுதான்: மேலே ஒரு பெட்டி, கீழே பத்து இணைப்புகள். எதைத் திறப்பது, எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்ற முடிவு நம் கையில் இருந்தது. இப்போது பெட்டிக்கு அடியில் ஒரு பத்தி வந்து நிற்கிறது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி உரையாடல் வடிவில் பதில் தரத் தொடங்கியது. 2024 மே மாதம் கூகுள் தன் முடிவுப் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தை வைத்தது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

பத்திரிகைக் கட்டுரைகளில் வரும் தகவல்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தப் பத்தி தவறாகச் சொல்கிறது என்பது என் பெரிய புகார் இல்லை. தவறான பக்கங்கள் முன்பும் மேலே வந்தன, பார்த்துப் பிரித்துக்கொண்டோம். என் கவலை வேறு. ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள் என்றால், பட்டியலில் அந்த மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். தலைப்புகளைப் பார்த்ததுமே, இங்கே ஏதோ சிக்கல் இருக்கிறது என்று மனம் உஷாராகும். பத்தியில் அந்த மூன்றும் கரைந்து ஒரே குரலாகிவிடுகின்றன. கருத்து வேறுபாடு இருப்பதே தெரியாவிட்டால் யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

உங்கள் தேடும் பழக்கம் மாறியிருக்கிறதா? தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொன்னால் நல்லது.

அச்சாணி

தேடல் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி, கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 1994இல் யாகூ தொடங்கியபோது அது மனிதர்கள் கையால் வகைபிரித்த பட்டியல். அதே ஆண்டு வந்த வெப்கிராலர், பக்கத்தின் முழு உரையையும் தேட வழிசெய்தது. 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா அதையே பெரிய அளவில், வேகமாகச் செய்துகாட்டியது.

முழு உரைத் தேடலின் அடித்தளம் இன்றும் மாறவில்லை. தலைகீழ் அட்டவணை என்று சொல்வோம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அந்தச் சொல் வரும் பக்கங்களின் எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 'நிலா' என்ற சொல்லுக்கு 4, 19, 72, 305 என்றும், 'கிரகணம்' என்ற சொல்லுக்கு 19, 88, 305, 410 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு சொற்களையும் சேர்த்து நீங்கள் தட்டும்போது பொறி எந்தப் பக்கத்தையும் திறந்து படிப்பதில்லை. இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டு 19, 305 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் முடிவு வருவதன் சூட்சுமம் இதுதான்.

அடுத்து, எதை மேலே வைப்பது? 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எளிய யோசனை ஒன்றைச் சொன்னார்: எங்கும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஐம்பது ஆண்டு கடந்தும் அந்த யோசனை உயிரோடு இருக்கிறது. 1998இல் செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் எழுதிய கட்டுரை இன்னொன்றைச் சேர்த்தது. ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள், அப்படிக் கொடுப்பவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பிடுவது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களை எண்ணும் பழக்கத்திலிருந்து வந்த சிந்தனை அது.

மூன்றாவது கட்டம்தான் இப்போதைய மாற்றத்துக்கு வித்து. சொற்களையும் வாக்கியங்களையும் எண் வரிசைகளாக மாற்றி, பொருளில் எது எதற்கு நெருக்கம் என்று கணக்கிடுகிறார்கள். 2019 அக்டோபரில் ஏராளமான உரையைப் படித்து மொழியைக் கற்ற பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தபோது கூகுள் காட்டிய உதாரணம் தெளிவானது. பிரேசிலிலிருந்து அமெரிக்கா செல்லும் பயணிக்கு விசா வேண்டுமா என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். பழைய முறை பிரேசில், அமெரிக்கா, விசா ஆகிய பெரிய சொற்களைப் பிடித்துக்கொண்டு, பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கத்தை மேலே கொண்டுவந்தது. திசையைச் சொல்லும் சின்னஞ்சிறு சொல் கணக்கில் வரவில்லை. புதிய மாதிரி அதைக் கணக்கில் எடுத்தது.

ஆகவே, முல்லைக்கொடி, அந்தப் பத்தி திடீரென்று முளைத்ததன்று. மனிதர் இயல்பாகக் கேட்டால் பொறிக்குப் புரிய வேண்டும் என்ற நெடுநாள் உழைப்பின் தொடர்ச்சி. நான் இதை வரவேற்கிறேன்.

ஏடகம்

நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அச்சாணி பொறியின் பக்கத்தைச் சொன்னார்; தேடும் மனிதரின் பக்கத்தைச் சொல்கிறேன்.

எல்லாத் தேடலும் ஒரே வகை இல்லை. ஆல்டாவிஸ்டாவில் பணியாற்றிய ஆண்ட்ரே பிரோடர் 2002இல் இதை மூன்றாகப் பிரித்தார். குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. வாங்குவது, பதிவிறக்குவது போல ஏதாவது செய்து முடிக்க வேண்டும் என்பது மூன்றாவது. வங்கியின் தளத்துக்குப் போக நினைப்பவருக்குப் பத்து இணைப்பும் வேண்டாம், பத்தியும் வேண்டாம். முல்லைக்கொடியின் கவலை நடு வகைக்கே உரியது. அந்த நடு வகைதான் மனிதரை மாற்றும் வகை என்பதால் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

1989இல், வலை பிறப்பதற்கு முன்பே, மார்சியா பேட்ஸ் என்ற நூலகவியல் அறிஞர் ஒன்றைக் கவனித்தார். கேள்வி ஒன்று, அதற்கு விடை ஒன்று என்று யாரும் தேடுவதில்லை. காட்டில் புதருக்குப் புதர் நகர்ந்து பழம் பறிப்பதைப் போல, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சேர்க்கிறோம். நகர நகரக் கேள்வியும் மாறுகிறது என்றார். அதற்கும் முன்பு, 1968இல், ராபர்ட் டெய்லர் நூலகரின் மேசைக்கு வருபவர்களைப் பற்றி எழுதினார். வாசகர் வாய்திறந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் அவருடைய உண்மையான தேவை இல்லை. நூலகரோடு பேசப் பேசத்தான் அது வெளியே வரும். என் பணிக்காலம் முழுவதும் இதைக் கண்ணால் கண்டேன். 'உடல்நலம் பற்றிய புத்தகம் எங்கே இருக்கிறது?' என்று கேட்பவர் கடைசியில் தன் தாய்க்கு எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையின் பக்கவிளைவைத் தெரிந்துகொள்ள வந்தவராக இருப்பார்.

உரையாடும் பொறி இந்த இடத்தை நிரப்பினால் நல்லது. ஆனால் நூலகர் திரும்பக் கேள்வி கேட்பார். பொறி பெரும்பாலும் கேட்டதற்கு உடனே பதிலைச் சொல்லிவிடுகிறது. முதல் கேள்விக்கே திருப்தியான விடை கிடைத்தவர் இரண்டாவது கேள்விக்குப் போகமாட்டார்.

நிலாமுற்றம்

கல்லூரி மாணவன். பெரியவர்களுக்கு நடுவில் மாறுபட்டுப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

பட்டியல் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவியது என்று சொல்ல முடியாது. எந்தச் சொல்லைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவருக்கு உதவியது. புதிய துறைக்குள் நுழைபவனுக்கு அந்தச் சொல்தான் தெரியாது. 'கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் யாரும் முன்வராதது ஏன்?' என்று எனக்குக் கேட்கத் தெரியும். அதற்கு உளவியலில் 'பார்வையாளர் விளைவு' என்று பெயர் இருக்கிறது என்பது தெரியாது. உரையாடல் செயலியிடம் கேட்டேன், பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகு சாதாரணத் தேடுபொறியில் நுழைந்து கட்டுரைகளைப் படித்தேன். எனக்கு அது வாசல். வாசலைக் குறை சொல்வது நியாயமா, ஐயா?

ஏடகம்

நியாயமான பேச்சு, தம்பி. மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் சொல்வதற்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், ஒரே பொருளுக்கு இருவர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டார்கள். எழுதியவரின் சொல்லும் தேடுபவரின் சொல்லும் சந்திக்காமலே போவது தேடலின் மிகப் பழைய துயரம். பொருளைக் கொண்டு பொருத்தும் புதிய முறை அந்தத் துயரத்தைக் குறைத்திருக்கிறது.

நீங்கள் பெயரைப் பிடித்த பிறகு கட்டுரைகளுக்குப் போனீர்கள். எத்தனை பேர் போகிறார்கள்?

முல்லைக்கொடி

தம்பியின் பதிவு பிடித்திருக்கிறது. நான் தேடும் விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து காட்டுகிறேன். எதை இழப்பதாக அஞ்சுகிறேன் என்பது அப்போது புரியும்.

சரிபார்க்க வந்த ஒரு கட்டுரையில், 'உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்று காந்தி சொன்னதாக இருந்தது. ஆங்கில வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் காந்தியின் பெயரோடு தேடினேன். வந்து குவிந்த பக்கங்கள் எல்லாமே ஒரே பாட்டைத்தான் பாடின. ஆனால் எங்கே சொன்னார், எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று ஒன்றிலும் இல்லை. ஊரெல்லாம் சொல்கிறது, ஊற்று மட்டும் காணவில்லை என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, ஆண்டு வரம்பு வைத்தேன். கூகுளில் பிஃபோர் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, ஆண்டு என்று இடைவெளி விடாமல் சேர்த்தால் அதற்கு முந்தைய பக்கங்கள் மட்டும் வரும். நூல் தேடலிலும் கால வரம்பு வைக்கலாம். காந்தியின் காலத்துக்குப் பின்னோக்கிப் போகப் போக அந்த வாக்கியம் மறைந்துவிட்டது. பிறகு வாக்கியத்தை விட்டுவிட்டுக் கருத்தைத் தேடினேன்: 'நம்மை மாற்றிக்கொண்டால்', 'உலகம்' என்பவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்து, அவருடைய எழுத்துகளின் 100 தொகுதிகளுக்குள். தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழில் 1913இல் வந்த உடல்நலக் கட்டுரை ஒன்று அகப்பட்டது. நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்து அதில் இருக்கிறது. பரவிக் கிடக்கும் அந்தக் கச்சிதமான வாக்கியம் அவர் எழுத்தில் இல்லை.

தொடங்கும்போது என் கேள்வி 'இது அவர் சொன்னதா?' என்பது. முடியும்போது 'அவர் எந்தச் சூழலில், என்ன சொன்னார்?' என்று ஆகிவிட்டது. ஏடகம் ஐயா சொன்ன நகரும் கேள்வி இதுதான்.

நிலாமுற்றம்

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் அதே மேற்கோளை உரையாடல் செயலியிடம் கேட்டேன். காந்தி அப்படியே சொன்னதற்குச் சான்று இல்லை என்றது. 1913 கட்டுரையையும் குறிப்பிட்டது. சில நொடிகளில்! அப்படியானால் நீங்கள் சுற்றிய சுற்று தேவையில்லாமல் போய்விடவில்லையா?

அச்சாணி

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். என் தொழில் சம்பந்தப்பட்டது.

அது சரியாகச் சொன்னதற்குக் காரணம், முல்லைக்கொடி போன்றவர்கள் அந்தச் சுற்றைச் சுற்றி, கண்டதை எழுதி, வலையில் வெளியிட்டிருக்கிறார்கள். தேடலோடு இணைந்த மொழி மாதிரி பதில் தரும்போது முதலில் பக்கங்களைத் தேடி எடுக்கிறது. எடுத்தவற்றை வைத்துப் பத்தி எழுதுகிறது. 2020இல் இதற்கான ஆய்வுக் கட்டுரை வந்த பிறகு இந்த அமைப்பு எங்கும் பரவிவிட்டது. எடுத்த பக்கம் சரியாக இருந்தால் பத்தியும் பெரும்பாலும் சரியாக இருக்கும். எடுத்தது குப்பையாக இருந்தால்? 2024 மே மாதம் கூகுளின் சுருக்கம், பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டிக்கொள்ளப் பசையைச் சேர்க்கச் சொன்னது நினைவிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் யாரோ விளையாட்டாக எழுதிய வரி அது. பட்டியலில் அந்த வரி ரெடிட் என்ற பெயரோடு நின்றிருந்தால் ஒரு பார்வையிலேயே தள்ளியிருப்போம். பத்திக்குள் வந்தபோது அதன் முகவரி உதிர்ந்துவிட்டது.

ஆகவே புகழ்பெற்ற மேற்கோளில் செயலி வெல்வது வியப்பில்லை. யாரும் இன்னும் சரிபார்க்காத மேற்கோளைக் கொடுத்துப் பாருங்கள்.

தூரிகை

இந்த இழையில் நான் எழுதாமல் இருக்க முடியாது. தாவரங்களைப் பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். இலையின் விளிம்பு எப்படி இருக்கும், பூ எந்தப் பருவத்தில் வரும் என்று நேரில் பார்த்து வரைந்து எழுதியவை அத்தனையும். இப்போது ஒரு தேடுபொறியின் சுருக்கத்தில் என் வாக்கியங்களின் சாயலைக் காண்கிறேன். தளத்துக்கு வருவோர் கூட்டம் மட்டும் வற்றிக்கொண்டே போகிறது.

இது என் ஒருவரின் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம், சுமார் 900 பேர் 2025 மார்ச்சில் கூகுளில் தேடியவற்றை ஆராய்ந்தது. செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் தோன்றிய தேடல்களில் 8 விழுக்காட்டில்தான் வழக்கமான இணைப்பு ஒன்றைச் சொடுக்கினார்கள். சுருக்கம் இல்லாதபோது 15 விழுக்காடு. சுருக்கத்துக்குள்ளேயே கொடுத்திருந்த மூலத்தைச் சொடுக்கியது வெறும் 1 விழுக்காடு. ஏடகம் ஐயாவின் 'எத்தனை பேர் போகிறார்கள்?' என்ற கேள்விக்கு இதுவே விடை.

தேடுபொறிக்கும் தளக்காரர்களுக்கும் இடையே எழுதாத ஓர் உடன்பாடு இருந்தது. நீ என் பக்கங்களைப் படித்து அட்டவணை போட்டுக்கொள், பதிலுக்கு ஆட்களை அனுப்பு. எந்தப் பக்கத்தை எடுக்கக் கூடாது என்று பொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை 1994இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்தபோது, அது முழுக்க முழுக்க நல்லெண்ணத்தை நம்பியது. இன்றும் அப்படித்தான். அதில் தடை போட்டால் மதிப்பவர் மதிப்பார், மதிக்காதவரை அந்தக் கோப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

அச்சாணி சொன்ன அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்பில் இன்னொன்றும் இருக்கிறது. விளம்பர வருவாயில் இயங்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரக்காரர் பக்கம் சாயும், தேடுபவரின் தேவையை விட்டு விலகும் என்று பிரினும் பேஜும் எழுதினார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று தீர்ப்பளித்த வழக்கின் விசாரணையில், கைபேசிகளிலும் உலாவிகளிலும் முன்கூட்டியே அமைக்கப்பட்ட தேடுபொறியாக இருப்பதற்காக அந்த நிறுவனம் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது வெளிச்சத்துக்கு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்துத் தேடுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலோர் கருவியில் இருந்ததைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

வழிப்போக்கன்

தூரிகைக்கு என் ஆதரவு. ஆனால் பட்டியல் பொற்காலம் என்று பேசுவதை ஏற்கமாட்டேன். எந்தப் பொருளைப் பற்றித் தேடினாலும் 'சிறந்த பத்து' என்று பட்டியலிட்டு, தம் இணைப்பு வழியே யாராவது பொருள் வாங்கினால் தரகு வாங்கும் பக்கங்கள் அடைத்துக்கொண்டு நின்றதால்தான் மக்கள் தேடுசொல்லோடு ரெடிட் என்று சேர்த்துத் தட்டும் பழக்கத்துக்கு வந்தார்கள். ஜெர்மனியில் லைப்சிக், வைமார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,392 பொருள் விமர்சனத் தேடல்களை கூகுள், பிங், டக்டக்கோ மூன்றிலும் ஓராண்டு கண்காணித்து 2024இல் எழுதினார்கள். மேலே வரும் பக்கங்களில் தரகு இணைப்புகள் அதிகம், எழுத்தின் தரத்தில் தேய்வின் அறிகுறிகள் என்றது அந்த ஆய்வு. பொறிகள் விதியை மாற்றும்போது கொஞ்சம் சீராகும், பிறகு குப்பை திரும்பி வரும்.

அச்சாணி

ஆம், அது முடிவில்லாத போர். 2011இல் பாண்டா, 2012இல் பென்குயின் என்று கூகுள் தன் முறையைப் பெரிதாக மாற்றியதெல்லாம் மட்டமான பக்கங்களையும் போலி இணைப்புகளையும் கீழே தள்ளுவதற்காக.

முல்லைக்கொடிக்கு ஒரு மறுப்பு. பட்டியலில் முடிவு நம் கையில் இருந்தது என்றீர்கள். முழுக்க அப்படி இல்லை. 2000களின் நடுவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குத் தேடல் முடிவுகளை வரிசை மாற்றிக் காட்டினார்கள். முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் இடம் மாற்றிய பிறகும் இப்போது முதலிடத்தில் நின்றதையே அதிகம் சொடுக்கினார்கள். பொறி மேலே வைத்தது நல்லது என்ற நம்பிக்கை கண்ணைக் கட்டியது. அந்தச் சொடுக்குகளே மறுபடி தரவரிசைக்குத் தரவாகவும் போகின்றன. பத்து பேரும் வரிசையில் நின்றார்கள் என்பது உண்மை. பத்து பேரையும் நாம் பார்த்தோம் என்பது உண்மை இல்லை.

முல்லைக்கொடி

ஏற்கிறேன். ஆனாலும், பார்க்க நினைத்தவருக்கு அந்த ஒன்பது பேரும் அங்கேயே நின்றார்கள். எனக்கு அந்த வாய்ப்பு முக்கியம்.

மெய்யெழுத்து

தமிழில் தேடுபவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி பரவுவதற்கு முன் நம் தளங்கள் திஸ்கி, டேப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டிலும், இன்னும் பல தளங்கள் தத்தம் சொந்த எழுத்துருவிலும் இயங்கின. திரையில் தமிழாகத் தெரிந்தது. பொறிக்கு அது பொருளற்ற லத்தீன் எழுத்துக் குவியல். மாற்றப்படாமல் விடப்பட்ட அந்தப் பக்கங்கள் வலையில் இருந்தும் இல்லாதவை.

அடுத்தது வேற்றுமை உருபு. 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தின்', 'மரங்களிலிருந்து', 'மரத்தைப்போல' எல்லாம் வேண்டும். ஆங்கிலச் சொற்களின் விகுதியை வெட்டி வேரைப் பிடிக்கும் முறையை மார்ட்டின் போர்ட்டர் 1980இலேயே கொடுத்துவிட்டார். ஒட்டிக்கொண்டே போகும் நம் சொற்களுக்கு அவ்வளவு எளிய வெட்டு போதாது. பொருளை வைத்துப் பொருத்தும் புதிய மாதிரிகள் வந்த பிறகு எனக்குத் தமிழில் கிடைக்கும் முடிவுகள் கண்கூடாக மேம்பட்டிருக்கின்றன. ஆகவே அச்சாணியின் மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு.

மறைகாப்பு

யாரும் தொடாத பக்கம் ஒன்று. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் ஆய்வுக்கு உதவட்டும் என்று சுமார் 6,50,000 பயனர்களின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள்தாம் இருந்தன. ஆனாலும் ஓர் எண்ணுக்குரிய தேடல்களைத் தொடர்ந்து படித்தே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்த எண்ணுக்குப் பின்னிருந்த மூதாட்டியின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். உடல் உபாதை, வளர்ப்பு நாய், அண்டைவீட்டார், உறவினர் பெயர் என்று மனிதர் தேடுபெட்டியில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்.

அப்போது நாம் தட்டியது இரண்டு மூன்று சொற்கள். இப்போது செயலியிடம் பத்தி பத்தியாக நம் நிலைமையை விளக்குகிறோம்: வயது, நோய், சம்பளம், மனஸ்தாபம் வரைக்கும். நல்ல பதில் வேண்டுமென்றால் விவரம் கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்த விவரம் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். பெயர், முகவரி, அடையாள எண் மூன்றும் கேள்விக்குத் தேவைப்படுவதே இல்லை.

வெண்பலகை

பள்ளி ஆசிரியை. மாணவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற கண்ணோட்டத்தில் எழுதுகிறேன்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். முன்பின் தெரியாத தளங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்தார்கள். சின்னம், முகவரியின் முடிவு, கட்டுரையின் தோரணை ஆகியவற்றைப் பார்த்துப் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் தளத்தைச் சட்டென்று விட்டுவிட்டுப் புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

என் வகுப்பில் இதைத்தான் பழக்குகிறேன். செயலி தந்த பத்தியும் ஒரு தெரியாத தளம்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதற்குள்ளேயே உட்கார்ந்து நம்பலாமா என்று யோசிக்காதே, வெளியே போய்ப் பார். குழந்தைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். சிரமம் எங்கே வருகிறது என்றால், பத்தி மிகத் தெளிவான நடையில் இருக்கும்போது வெளியே போகக் காரணமே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. முல்லைக்கொடி முதல் பதிவில் சொன்னதை வகுப்பறையில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

நிலாமுற்றம்

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு சோதனை செய்தேன். மூலங்கள் ஒன்றோடொன்று முரண்படும் விஷயமாக வேண்டும் என்று உலகின் நீளமான ஆற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

'உலகின் மிக நீளமான ஆறு எது?' என்று கேட்டேன். நைல், சுமார் 6,650 கிலோமீட்டர் என்று ஒரே வரியில் பதில். முற்றுப்புள்ளி வைத்த மாதிரி இருந்தது. பிறகு கேள்வியைத் திருப்பினேன்: 'நைல்தான் நீளமானது என்பதை மறுப்பவர்கள் யார், எந்த அடிப்படையில் மறுக்கிறார்கள்?' இப்போது முழுக்க வேறு பதில். அமேசானே நீளமானது என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2007இல் அறிவித்தது, எந்த ஓடையை ஆற்றின் தொடக்கம் என்று கொள்வது என்ற சிக்கல், கடலில் சேரும் இடத்தில் எந்தக் கிளையை அளப்பது என்ற சிக்கல், எல்லாம் வந்தது.

இந்தத் தகவல் முதல் கேள்வியின்போதும் அதற்கு எட்டியிருக்கும். நான் கேட்ட விதம் அதை வெளியே வரவிடவில்லை. இனிமேல் இரண்டாவது வகைக் கேள்வியையும் சேர்த்தே கேட்பது என்று வைத்திருக்கிறேன்.

ஏடகம்

அருமை, தம்பி. நூலகர் உங்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

தூரிகை

மூலத்தின் இணைப்பைக் கொடுத்ததா? கொடுத்திருந்தால் தயவுசெய்து திறந்து படியுங்கள். அளந்தவர்களின் பக்கத்துக்கு ஒரு வாசகராவது போகட்டும்.

நிலாமுற்றம்

மூன்று இணைப்புகள் கொடுத்தது. இரண்டு செய்திக் கட்டுரைகள், ஒன்று கலைக்களஞ்சியப் பக்கம். ஆய்வாளர்களின் சொந்த அறிக்கை அவற்றில் இல்லை. செய்திக் கட்டுரைகள் இரண்டும் அமேசானுக்குத் தரும் நீளமே ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது.

முல்லைக்கொடி

அங்கிருந்து என் வேலை தொடங்குகிறது. இரண்டு கட்டுரைகளின் இணைப்பையும் இங்கே இடுங்கள். ஆய்வு நிறுவனத்தின் பெயரைப் போர்த்துகீசிய மொழியில் எழுதி, 2007, 2008 ஆகிய ஆண்டுகளுக்குள் வரம்பு வைத்துத் தேடினால் மூல அறிக்கை அகப்படலாம். எந்த ஓடையிலிருந்து தொடங்கினார்கள், எந்தக் கிளையில் முடித்தார்கள் என்று அதில் பார்த்துவிடுவோம். போர்த்துகீசியம் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கைகொடுங்கள்.